எந்தப் பந்தயத்தில் பட்டம் உறுதியாகும்? எடுத்ததையும் விட்டதையும் வைத்து ஒரு கணக்கு

2022 அக்டோபரில், ஃபார்முலா 1 கார் பந்தயத் தொடரில் ஜப்பானின் சுசுகா பந்தயத்துக்குப் போகும்போது மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் தனக்கு அடுத்த இடத்தில் இருந்த சார்ல்ஸ் லெக்லேரைவிட 104 புள்ளி முன்னால் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே சாம்பியன் பட்டம் அவர் கைக்கு வந்துவிட்டது. 2025 ஆகஸ்ட் கடைசியில் நெதர்லாந்து பந்தயம் முடிந்தபோது முதலிடத்தில் ஆஸ்கர் பியாஸ்ட்ரி, 309 புள்ளி. மூன்றாமிடத்தில் வெர்ஸ்டாப்பன், 205 புள்ளி. இங்கும் வித்தியாசம் அதே 104. ஆனால் சீசன் முடிந்தபோது வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. பட்டம் இருவருக்கும் இல்லாமல், 423 புள்ளியோடு லாண்டோ நோரிஸுக்குப் போனது.

ஒரே 104, ஆனால் ஒருவருக்குப் பட்டத்தையே வாங்கித் தந்தது, இன்னொருவரை மூன்றாமிடத்துக்குச் சரியாமல் காப்பாற்றக்கூட உதவவில்லை. காரணம் எளிது. சுசுகா முடிந்தபோது வெர்ஸ்டாப்பனின் முன்னிலை 113 ஆகியிருந்தது, அந்த சீசனில் பாக்கி இருந்தவை 112 புள்ளிகள். நெதர்லாந்துக்குப் பிறகு பாக்கி 249. முன்னிலை எவ்வளவு என்பதை மட்டும் சொல்லிவிட்டு பாக்கியைச் சொல்லாவிட்டால், அது பாதிக் கணக்குதான்.

ஃபார்முலா 1 பார்க்கத் தொடங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ஒருவரே ஜெயித்துக்கொண்டிருக்கும் சீசனில், பட்டம் எந்தப் பந்தயத்தில் உறுதியாகும் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள்? கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ஆனால் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

முன்னிலை, பாக்கி, தூரம்

முதலில் புள்ளிமுறை. 2010 முதல் கிராண்ட் பிரீ எனப்படும் முக்கியப் பந்தயத்தில் முதல் பத்து இடங்களுக்கு 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. சில வார இறுதிகளில் சனிக்கிழமை ஸ்பிரின்ட் என்ற குறும்பந்தயம் உண்டு. 2022 முதல் அதில் முதல் எட்டு இடங்களுக்கு 8-இல் தொடங்கி 1 வரை. 2019 முதல் 2024 வரை, மிக வேகமான லாப் (தடத்தின் ஒரு சுற்று) ஓட்டியவர் முதல் பத்துக்குள் முடித்தால் ஒரு புள்ளி கூடுதல். 2025-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆக, ஒரு சாதாரண வாரத்தில் ஒருவர் எடுக்கக்கூடிய உச்சம் 2019–2024 சீசன்களில் 26, 2025 முதல் 25. ஸ்பிரின்ட் இருந்தால் இதனுடன் 8.

இனி மூன்று சொற்கள். முதலாமவருக்கும் துரத்துபவருக்கும் உள்ள புள்ளி வித்தியாசம் முன்னிலை. இனி நடக்கவேண்டிய பந்தயங்கள் எல்லாவற்றிலும் ஒரே ஆள் எல்லாவற்றையும் ஜெயித்தால் எவ்வளவு எடுப்பார் என்பது பாக்கி. பாக்கியிலிருந்து முன்னிலையைக் கழித்தால் வருவது பட்டத்துக்கு இன்னும் உள்ள தூரம். தூரம் பூஜ்யத்துக்குக் கீழே போன நொடியில் பட்டம் உறுதி. அதன்பின் துரத்துபவர் எல்லாப் பந்தயங்களையும் ஜெயித்து, முதலாமவர் காரை வெளியே எடுக்காமலே இருந்தாலும் ஒன்றும் மாறாது.

சீசன் தொடங்கும் நாளில் முன்னிலை பூஜ்யம். எனவே தூரம் என்பது மொத்தப் பாக்கிதான்: 2025-இல் 24 பந்தயங்கள், 6 ஸ்பிரின்ட்கள், அதாவது 600 கூட்டல் 48, மொத்தம் 648. அங்கிருந்து தேயத் தொடங்குகிறது.

எடுத்தது, விட்டது

எப்படித் தேய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு வார இறுதியிலும் தூரம் இரண்டு வகையில் குறையும்: முதலாமவர் எடுத்த புள்ளி, துரத்துபவர் விட்ட புள்ளி. விட்டது என்றால், அந்த வாரத்தில் எடுத்திருக்கக்கூடிய உச்சத்துக்கும் அவர் உண்மையில் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம். உச்சம் 25, அவர் மூன்றாவதாக வந்து 15 எடுத்தார் என்றால் விட்டது 10. முதலாமவர் ஜெயித்து 25 எடுத்திருந்தால் அந்த வாரம் தூரம் 35 குறைந்திருக்கும்.

இப்படிப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. தூரம் ஒருபோதும் ஏறாது. முதலாமவர் முதல் வளைவிலேயே மோதி வெளியேறி, துரத்துபவர் ஜெயித்து உச்சத்தை முழுதாக அள்ளினால்? எடுத்தது பூஜ்யம், விட்டதும் பூஜ்யம். தூரம் அப்படியே நிற்கும், அவ்வளவுதான். முன்னிலை 25 சரிந்தது என்று செய்தித் தலைப்புகள் அலறும். ஆனால் பாக்கியும் அதே 25 சரிந்திருக்கும். முதலாமவருக்கு அது ஒரு வாரம் வீணானதே தவிர, பின்னோக்கிப் போனதல்ல.

மேல்வரம்பும் இதிலிருந்தே கிடைக்கிறது. முதலாமவர் உச்சத்தை எடுத்து, துரத்துபவர் ஒன்றுமே எடுக்காவிட்டால் சாதாரண வாரத்தில் தூரம் 50 குறையும் (2019–2024 விதிப்படி 52), ஸ்பிரின்ட் வாரத்தில் 66 (முன்பு 68). அதற்குமேல் குறைய வழியே இல்லை. ‘இந்த வாரமே முடிந்துவிடுமா’ என்று யாராவது கேட்டால், தூரம் இந்த எண்ணுக்குள் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி பதில் வந்துவிடும்.

அட்டவணை போடும் விதம்

ஒரு தாளோ விரிதாளோ போதும். மீதிப் பந்தயங்களை வரிசையாக எழுதுங்கள். ஸ்பிரின்ட் உள்ள வாரத்துக்குச் சனி, ஞாயிறு என இரண்டு வரி போடுங்கள். பட்டம் சனிக்கிழமையே முடிவதும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் உச்சப் புள்ளியை எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் அந்த வரி முடிந்தபின் உள்ள பாக்கியைக் கீழிருந்து மேலாகக் கூட்டி வாருங்கள். கடைசிப் பந்தயத்துக்கு நேரே பாக்கி பூஜ்யம் என்று இருக்கவேண்டும். 25 என்று இருந்தால் ஒரு வரி தள்ளிக் கூட்டியிருக்கிறீர்கள். புதிதாகப் போடுபவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதன்மையானது. விடை சரியாக ஒரு பந்தயம் தள்ளி வரும், அதனால் எளிதில் கண்ணில் படாது.

அதற்கு அடுத்து முதலாமவர் எடுத்தது, துரத்துபவர் விட்டது, தூரம் என மூன்று பத்திகள். பந்தயம் முடிய முடிய நிரப்பி வாருங்கள். தூரப் பத்தியில் எங்காவது எண் முந்தைய வரியைவிடக் கூடியிருந்தால், ஏதோ ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

2023-ஐ எடுத்துக்கொள்வோம். பெல்ஜியம் பந்தயத்தோடு 12 பந்தயங்கள் முடிந்து கோடை இடைவேளை வந்தது. வெர்ஸ்டாப்பன் 314, செர்ஜியோ பெரெஸ் 189, முன்னிலை 125. மீதி 10 பந்தயங்கள், 3 ஸ்பிரின்ட்கள்: 260 கூட்டல் 24, பாக்கி 284. தூரம் 159.

இனி வேகம். 12 பந்தயங்களில் 314 என்றால் வெர்ஸ்டாப்பன் வாரத்துக்குச் சராசரி 26.2 எடுத்திருக்கிறார். அதுவரை நடந்த 12 பந்தயங்கள், 3 ஸ்பிரின்ட்களின் உச்சம் 336. அதில் பெரெஸ் எடுத்தது 189, விட்டது 147, வாரத்துக்கு 12.25. இரண்டையும் கூட்டினால் தூரம் வாரத்துக்கு ஏறத்தாழ 38.4 தேய்கிறது. 159-ஐ 38.4-ஆல் வகுத்தால் 4.1. பின்னம் வந்தால் எப்போதும் மேல்நோக்கித்தான் முழுமையாக்கவேண்டும். நான்கு பந்தயத்தில் கொஞ்சம் போதாமல் போகும், ஐந்தாவதில் முடியும். இடைவேளைக்குப் பின் ஐந்தாவது வாரம் கத்தார்.

நடந்தது இது. நெதர்லாந்தில் வெர்ஸ்டாப்பன் எடுத்தது 25, பெரெஸ் நான்காவதாக வந்து விட்டது 14, தூரம் 120. இத்தாலியில் 25, 8, தூரம் 87. சிங்கப்பூரில் இருவரும் ஓட்டிய ரெட் புல் அணியின் கார் சொதப்பியது. வெர்ஸ்டாப்பன் ஐந்தாமிடம், பெரெஸ் எட்டாமிடம், அதாவது 10, 22, தூரம் 55. அங்கேயே ஒன்று தெரிந்துவிட்டது: அடுத்த ஜப்பான் பந்தயத்தில் ஸ்பிரின்ட் இல்லை, அதிகபட்சம் 52 தான் குறையும், ஆகவே ஜப்பானில் பட்டம் முடியவே முடியாது. ஜப்பானில் வெர்ஸ்டாப்பன் ஜெயித்து வேகமான லாப்பும் ஓட்டினார், பெரெஸ் வெளியேறினார். குறையக்கூடிய 52-ம் முழுதாகக் குறைந்து, தூரம் 3-இல் வந்து நின்றது.

சிங்கப்பூர் வாரத்தைக் கவனியுங்கள். அந்த சீசனில் வெர்ஸ்டாப்பனுக்கு மிக மோசமான வாரம் அதுதான். ஆனாலும் தூரம் 32 குறைந்தது. ஏனென்றால் பெரெஸ் அவரைவிட மோசமாக ஓட்டினார். ஆதிக்கம் என்று சொல்லும்போது நாம் முதலாமவரின் வெற்றிகளை மட்டும் எண்ணுகிறோம். பட்டத்தின் தேதியைத் தீர்மானிப்பதில் மற்றவர்கள் விடுவதற்கும் பெரிய பங்கு உண்டு.

சமன் ஆனால் யாருக்கு?

கத்தாரின் லுசைல் தடத்தில் 2023 அக்டோபர் 7, சனிக்கிழமை ஸ்பிரின்ட். தூரம் 3. வெர்ஸ்டாப்பனுக்கு வேண்டியது 3 புள்ளி, அதாவது ஆறாமிடம். இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். அவர் 3 எடுத்து, பெரெஸ் ஸ்பிரின்டை ஜெயித்து 8-ம் எடுத்தால், முன்னிலை 172, பாக்கி 172. தூரம் பூஜ்யம்தானே, அதற்குக் கீழே போகவில்லையே?

புள்ளி சமமானால் அதிக வெற்றி பெற்றவருக்குப் பட்டம். வெற்றிகளும் சமமானால் இரண்டாமிடங்களின் எண்ணிக்கை, பிறகு மூன்றாமிடங்கள் என்று போகும். அப்போது வெர்ஸ்டாப்பனிடம் 13 வெற்றிகள், பெரெஸிடம் 2. மீதி ஆறையும் பெரெஸ் ஜெயித்தாலும் 8 தான். எனவே சமனே போதும். ஆதிக்கம் செலுத்துபவரின் கணக்கில் இது பெரும்பாலும் அவருக்குச் சாதகமாகவே இருக்கும், ஆனால் எண்ணிப் பார்க்காமல் சொல்லக்கூடாது. 2011-இலும் இதே நிலை. ஜப்பானுக்கு முன் செபாஸ்டியன் வெட்டல் 309, ஜென்சன் பட்டன் 185, ஐந்து பந்தயம் மீதி, பாக்கி 125, தூரம் 1. பத்தாமிடம் வந்தால் போதும் என்று சொன்னது இதனால்தான். வெட்டல் மூன்றாவதாக வந்தார்.

லுசைலில் இந்த நுணுக்கத்துக்கெல்லாம் வேலை வரவில்லை. பந்தயத்தின் நடுவில் மோதல் ஒன்றில் சிக்கி பெரெஸ் வெளியேறினார். அவர் விட்டது 8. தூரம் 3-லிருந்து மைனஸ் 5. வெர்ஸ்டாப்பன் தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாம்பியன் ஆகிவிட்டார். பிறகு பியாஸ்ட்ரிக்குப் பின்னால் இரண்டாவதாக வந்து இன்னும் 7 எடுத்தார். ஆறு கிராண்ட் பிரீ பாக்கி இருக்கும்போதே பட்டம்.

ஒரு பந்தயத்தைச் சொல்லாதீர்கள், ஒரு வரம்பைச் சொல்லுங்கள்

2023 கணக்கு அழகாகப் பலித்தது. எப்போதும் அப்படி வராது. 2024-ஐப் பாருங்கள்.

ஸ்பெயினோடு 10 பந்தயங்கள் முடிந்தன. அதில் 7 வெர்ஸ்டாப்பனுக்கு. புள்ளிகள் 219, நோரிஸ் 150. முன்னிலை 69. மீதி 14 பந்தயங்கள், 4 ஸ்பிரின்ட்கள், பாக்கி 396. தூரம் 327. வெர்ஸ்டாப்பன் எடுப்பது வாரத்துக்கு 21.9, நோரிஸ் விடுவது 12.6. அதே வேகத்தில் போனால் பத்தாவது வாரம், அதாவது மெக்ஸிகோ.

இந்த ஒரு விடையோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு கணக்கு போடவேண்டும். ஒன்று, முதலாமவர் இன்னும் வேகமெடுத்து வாரத்துக்கு 12 புள்ளி வீதம் முன்னிலை கூட்டுகிறார் என்று வைத்து. அப்போது பட்டம் அமெரிக்காவின் ஆஸ்டினில், மெக்ஸிகோவுக்கு ஒரு வாரம் முன். இன்னொன்று, முன்னிலை இன்றைய நிலையிலேயே உறைந்துவிடுகிறது என்று வைத்து. இதற்கு வகுத்தல்கூட வேண்டாம். பாக்கிப் பத்தியில் விரலை வைத்து இறங்கி, 69-க்குக் கீழே முதலில் எந்த எண் வருகிறது என்று பார்த்தால் போதும். பிரேசிலுக்குப் பின் பாக்கி 86. லாஸ் வேகஸுக்குப் பின் 60. ஆகவே லாஸ் வேகஸ்.

அந்த ஆண்டு ஸ்பெயினுக்குப் பிறகு வெர்ஸ்டாப்பன் தொடர்ந்து பத்து கிராண்ட் பிரீ ஜெயிக்கவில்லை. நோரிஸின் மெக்லாரன் அணி வேகமெடுத்தது, அவர் துரத்தினார், பட்டமே கைமாறும் என்று பேச்சு வந்தது. பிரேசிலில் மழையில் வெர்ஸ்டாப்பன் ஜெயித்தபின் முன்னிலை 62. ஸ்பெயினில் 69, பதினோரு பந்தயம் கழித்து 62! லாஸ் வேகஸில் அவர் ஐந்தாவது, நோரிஸ் வேகமான லாப்புடன் ஆறாவது. முன்னிலை 63, பாக்கி 60. பட்டம் அங்கேயே முடிந்தது.

இவ்வளவு தலைகீழ் மாற்றம் நடந்தும் சராசரிக் கணக்கு இரண்டே பந்தயம்தான் தவறியது. முன்னிலை வளராவிட்டாலும் பாக்கி தன் பாட்டுக்கு வாரம் 26, 34 என்று கரைந்துகொண்டிருக்கும். தேய்மானத்தில் பெரும்பங்கு அதனுடையது. இடைப்பட்ட 12 வாரங்களில் நோரிஸ் எடுத்தது 190, வெர்ஸ்டாப்பன் எடுத்தது 184. நோரிஸ்தான் அதிகம் எடுத்தார். ஆனால் எடுத்திருக்கக்கூடிய 336-இல் அவர் விட்டது 146. அந்த 146-ம் வெர்ஸ்டாப்பனின் 184-ம் சேர்ந்து 330. தூரமோ 327. துரத்துபவர் சற்றே நன்றாக ஓட்டினால் போதாது, ஏறத்தாழ எல்லாவற்றையும் ஜெயித்தாகவேண்டும் என்பது இந்தக் கணக்கில் அப்பட்டமாகத் தெரியும்.

பியாஸ்ட்ரிக்கு நடந்தது இதன் மறுபக்கம். நெதர்லாந்துக்குப் பிறகு வெர்ஸ்டாப்பனை வைத்துப் பார்த்தால் அவருக்கு இருந்த தூரம் 145. மீதி 249-இல் வெர்ஸ்டாப்பன் 216 எடுத்தார்; விட்டது வெறும் 33. பியாஸ்ட்ரி எடுத்தது 101. கூட்டினால் 134. 145-க்கு 11 குறைவு, கடைசி அட்டவணையில் இருவருக்கும் இருந்த வித்தியாசமும் அதே 11. இதில் இன்னொரு பாடமும் உண்டு. அப்போது இரண்டாமிடத்தில் இருந்தவர் நோரிஸ், 34 புள்ளி பின்னால். எல்லார் கண்ணும் அவர்மேல். மூன்றாமிடத்துக்காரரின் வேகம் திடீரென்று ஏறினால் இரண்டாமவரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அதைக் காட்டாது. அட்டவணையில் குறைந்தது இருவருக்குத் தனித்தனியே தூரப் பத்தி வைத்துக்கொள்வது நல்லது.

வேகத்தை எடுக்கும்போது சீசன் தொடக்கத்திலிருந்து முழுச் சராசரியா, கடைசி ஐந்தாறு பந்தயங்களின் சராசரியா என்ற கேள்வி வரும். கார்களை சீசன் நடுவில் மேம்படுத்திக்கொண்டே இருப்பார்கள், எனவே அண்மைச் சராசரிக்குக் கூடுதல் மதிப்புத் தரலாம். ஆனால் இரண்டு மூன்று பந்தயங்களை மட்டும் எடுத்தால், ஒரே ஒரு விலகல் கணக்கையே புரட்டிவிடும். இரண்டையும் போட்டு, அவற்றுக்கிடையே உள்ளதைத்தான் வரம்பாகச் சொல்லவேண்டும்.

பந்தய நாளின் கணக்கு

தூரம் 50-க்குள் வந்தபின் சராசரிகளை மூட்டை கட்டிவிடலாம். இனி ‘இவர் இந்த இடம் வந்தால், அவர் எந்த இடத்துக்குக் கீழே வரவேண்டும்’ என்ற கணக்குதான்.

சுசுகா 2022-க்கே திரும்புவோம். பந்தயத்துக்கு முன் பாக்கி 138. லெக்லேரை வைத்துத் தூரம் 34, பெரெஸை வைத்து (அவர் 106 புள்ளி பின்னால்) 32. வெற்றிகளில் வெர்ஸ்டாப்பனை யாரும் எட்டமுடியாது, ஆகவே பூஜ்யம் போதும். வெர்ஸ்டாப்பன் ஜெயித்து வேகமான லாப்பும் ஓட்டினால் எடுத்தது 26. லெக்லேர் இன்னும் 8 விட்டால் போதும், இரண்டாவதாக வந்தாலே அந்த 8 போய்விடும். ஆக யார் என்ன செய்தாலும் பட்டம். ஜெயித்தும் வேகமான லாப் கிடைக்காவிட்டால் எடுத்தது 25. லெக்லேர் 9 விடவேண்டும், அதாவது 17-க்கு மேல் எடுக்கக்கூடாது. மூன்றாமிடமோ அதற்குக் கீழோ வந்தால் பட்டம், இரண்டாவதாக வந்தால் இல்லை. வெர்ஸ்டாப்பன் இரண்டாமிடம் என்றால் எடுத்தது 18, லெக்லேர் 16 விடவேண்டும். வேகமான லாப் இல்லாத ஐந்தாமிடமோ அதற்குக் கீழோ. இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி. அதே பட்டியலைப் பெரெஸுக்கும் போடவேண்டும். இரண்டு பட்டியலும் ஒருசேர ஒத்துவந்தால்தான் பட்டம்.

அன்று நடந்தது நாடகம். மழையால் பந்தயம் நிறுத்தப்பட்டு, இரண்டு மணிநேரத்துக்கும் மேலாகக் காத்திருந்து, 53 லாப்பில் 28 மட்டுமே ஓடி முடிந்தது. வெர்ஸ்டாப்பன் முதலில் வந்தார். வேகமான லாப் ஓட்டிய ஜோ குவான்யூ முதல் பத்தில் இல்லை, எனவே அந்தப் புள்ளி யாருக்கும் போகவில்லை. லெக்லேர் இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினார். தூரத்தில் 1 மிச்சம், பட்டம் இல்லை. கடைசி லாப்பில் அவர் தடத்தைவிட்டு விலகியதற்கு 5 நொடி தண்டனை வந்தது. மூன்றாமிடத்துக்கு இறங்கினார், விட்டது 8-லிருந்து 11 ஆனது. இப்போது பட்டம் உண்டு.

குழப்பம் அதோடும் முடியவில்லை. பாதிக்கு மேல் ஓடி முக்கால் தூரத்தை எட்டாத பந்தயத்தில் வெற்றிக்கு 19 புள்ளி என்ற குறைப்பு விதி இருந்தது. அதைப் பயன்படுத்தினால் பட்டம் ஒரு புள்ளியில் தவறும். ஆனால் விதியின் வாசகப்படி, நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கமுடியாமல் போன பந்தயத்துக்குத்தான் அந்தக் குறைப்பு. இது மறுபடி தொடங்கி முடிந்த பந்தயம். முழுப் புள்ளி. வெர்ஸ்டாப்பன் 366, பெரெஸ் 253, லெக்லேர் 252. நெருங்கிய போட்டியாளர் ஒரே பந்தயத்தில் லெக்லேரிலிருந்து பெரெஸுக்கு மாறியதையும் பாருங்கள். முன்னிலை 113, பாக்கி 112.

ஆகவே கொடி விழுந்த உடனே தூரப் பத்தியை மையால் எழுதாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள். 2025 லாஸ் வேகஸில் இரண்டாவதாக வந்த நோரிஸும் நான்காவதாக வந்த பியாஸ்ட்ரியும் பந்தயம் முடிந்து சில மணிநேரத்தில், காரின் அடிப்பலகை அளவுக்கு மீறித் தேய்ந்திருந்ததற்காகத் தகுதி நீக்கப்பட்டார்கள். ஒரே இரவில் மூவருக்கும் கணக்கு மாறியது.

புள்ளிமுறையே தேதியை நகர்த்தும்

ஒருவர் எல்லாப் பந்தயங்களையும் ஜெயிக்கிறார், ஒரே ஆள் எல்லாவற்றிலும் இரண்டாவதாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரின்ட், வேகமான லாப் எதுவும் வேண்டாம். இன்றைய 25–18 முறையில் வாரத்துக்கு எடுத்தது 25, விட்டது 7, மொத்தம் 32. 24 பந்தய சீசனில் தொடக்கத் தூரம் 600. 32-ஆல் வகுத்தால் 18.75, பத்தொன்பதாவது பந்தயத்தில்தான் பட்டம். ஒன்றைக்கூடத் தோற்காதவருக்கே சீசனில் 78 சதவீதம் ஓடவேண்டியிருக்கிறது. அதற்கு முன்பே ஒருவர் முடித்தால், அவருக்கு எதிரான புள்ளிகளை ஒருவரே அள்ளாமல் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

2002-இல் முறை 10–6–4–3–2–1. வெற்றிக்கும் இரண்டாமிடத்துக்கும் இடைவெளி 4. இதே கற்பனைச் சீசனில் 71 சதவீதத்தில் முடிந்துவிடும். அந்த ஆண்டு மைக்கேல் ஷூமாக்கர் 17 பந்தயங்களில் பதினோராவதான பிரான்சில், ஜூலை 21 அன்றே பட்டத்தை முடித்தார். ஆறு பந்தயங்கள் மீதி. அடுத்த ஆண்டே முறையை 10–8–6–5–4–3–2–1 என்று மாற்றினார்கள். இடைவெளி 2 ஆகச் சுருங்கியதில் கற்பனைக் கணக்கு 83 சதவீதத்துக்குப் போனது. 2003-இல் பட்டம் கடைசிப் பந்தயம்வரை இழுத்தது. ஒரே ஒரு வெற்றியோடு இருந்த கிமி ரைக்கோனனைவிட ஷூமாக்கருக்கு வெறும் 2 புள்ளிதான் அதிகம்.

பழைய சீசன்களை எடுத்துப் பயிற்சி செய்பவர்கள் அந்தந்த ஆண்டின் விதியை முதலில் பார்த்துவிட வேண்டும். 2014-இல் கடைசிப் பந்தயமான அபுதாபிக்கு இரட்டைப் புள்ளி, உச்சம் 50. 2021-இல் மூன்று ஸ்பிரின்ட்கள், ஒவ்வொன்றிலும் உச்சம் 3 தான். அந்த ஆண்டு மழையில் கரைந்த பெல்ஜியம் பந்தயத்துக்குப் பாதிப் புள்ளி. 2023-இல் வெள்ளத்தால் இமோலா ரத்தானது. அப்படி ஒரு பந்தயம் போனால் யாரும் புள்ளி எடுக்காமலே பாக்கியிலிருந்து 26 கழியும், முன்னிலையில் இருப்பவருக்கு அது இலவச லாபம். வேறு பந்தயத் தொடர்களுக்கு உச்ச எண்ணை மாற்றிக்கொண்டால் போதும்: மோட்டோஜிபி பைக் பந்தயத்தில் 2023 முதல் ஒவ்வொரு வாரமும் ஸ்பிரின்டுக்கு 12, பந்தயத்துக்கு 25, உச்சம் 37. 2025-இல் ஜப்பானின் மோட்டெகியில் மார்க் மார்க்கெஸ் பட்டத்தை முடித்தபோது ஐந்து வாரம் மீதி, பாக்கி 185, முன்னிலை 201.

1990-உம் அதற்கு முந்தைய சீசன்களும் மட்டும் இந்த அட்டவணைக்குள் அடங்காது. அப்போது ஒருவரின் எல்லா முடிவுகளும் கணக்கில் சேராது. சிறந்த சில முடிவுகள் மட்டுமே. 1988-இல் 16 பந்தயங்களில் சிறந்த 11 மட்டும். அலைன் ப்ரோஸ்ட் மொத்தம் எடுத்தது 105, அயர்ட்டன் சென்னா எடுத்தது 94. சிறந்த 11-ஐ மட்டும் கூட்டியபோது ப்ரோஸ்டுக்கு 87, சென்னாவுக்கு 90. பட்டம் சென்னாவுக்கு. அந்தக் காலத்துக்கு அட்டவணை போடுவதென்றால், இனி வரும் ஒவ்வொரு வெற்றியும் ஏற்கெனவே உள்ள எந்தச் சிறிய முடிவை வெளியே தள்ளும் என்று இன்னொரு பத்தி சேர்க்கவேண்டியிருக்கும்.